பால் பேட்டர்சன் சென்ற வழி

மூளையைப் பற்றியும், நோயை எதிர்த்து நிற்கும் உடலின் சக்தியைப் பற்றியும் சென்ற நூற்றாண்டில் எழுதப்பட்ட சாஸ்திர நூல்களைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, இவ்விரண்டும் ஒரே உடம்பில்தான் குடியிருக்கின்றன என்ற ஞாபகம் அந்நூலாசிரியர்களுக்கு இருந்ததா என்ற சந்தேகம் எழுந்தால், அது வாசகர் குற்றமாகாது. ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1885ஆம் ஆண்டில் மிருகங்களின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, மற்ற அவயவங்கள் நிறமேறி நிற்க, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. 1948இல் பீட்டர் மெடவார் ஒரு முயலின் தோல் துணுக்கை மற்றொரு முயலின் மூளைக்குள் பதித்தபோது, வேறிடமாயிருந்தால் சில நாட்களிலேயே அழிக்கப்பட்டிருக்கும் அந்தத் துணுக்கு அங்கே நிலைத்திருப்பதைக் கண்டார். பரிசோதனைகள் பிழையானவை அல்ல. ஆயினும் அவற்றிலிருந்து பிறந்த மனோபாவம், எதிர்ப்புச் சக்திக்கு மூளையில் அலுவல் இல்லை என்ற தீர்ப்பாக இறுகிப்போய், நரம்பியலாரும் நோயெதிர்ப்பியலாரும் நடுவே மதில் எழுப்பிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல் இரண்டு தலைமுறைக் காலம் வாழ்ந்துவிடக் காரணமாயிற்று. அம்மதிலைத் தாண்ட வேண்டும் என்ற உத்தேசம் சிறிதும் இல்லாமலே தாண்டிவிட்டவர் அமெரிக்கரான பால் பேட்டர்சன்.

பேட்டர்சன் பிறந்த 1943ஆம் ஆண்டிலேதான், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் குழந்தை மனநல வைத்தியராயிருந்த லியோ கான்னர், தாம் பார்த்த பதினொரு குழந்தைகளின் சுபாவத்தை விவரித்து, இன்று ஆட்டிசம் என்று நாம் அழைக்கும் நிலையை முதன்முதலாக ஒரு தனி நிலையாக வகுத்துக் காட்டிய கட்டுரையைப் பிரசுரித்தார். பிறவியிலேயே அமைந்த குறை இது என்று அக்கட்டுரையில் கூறிய அவரே, பின்னாளில் பெற்றோரின் பாசமின்மையைப் பற்றியும் எழுதலானார். அதைப் பற்றிக்கொண்ட மனோதத்துவ உலகம், குறிப்பாகச் சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் மனம் குளிர்ந்து கிடந்ததனாலேயே குழந்தை தனக்குள் சுருண்டுகொண்டது என்று சாதித்தது. பேச்சு வராத குழந்தையை வைத்துக்கொண்டு இரவு பகலாக அல்லற்பட்ட பெண்களின் தலையிலேயே அந்த அல்லலுக்குரிய பழியையும் சுமத்தி, அதற்குச் சாஸ்திரம் என்று பெயரும் சூட்டிய அக்காலத்தை, வைத்தியத்தின் சரித்திரத்தில் வெட்கப்பட வேண்டிய அத்தியாயங்களில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஆட்டிசம் கொண்ட ஒரு மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட் 1964இல் எழுதிய நூல்தான் இக்கொள்கைக்கு முதற் பேரிடியாக விழுந்தது.

அதே 1964இல் அமெரிக்காவெங்கும் ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை பரவியது. கர்ப்பிணிக்கு இந்நோய் கண்டால் சிசுவின் கண்ணில் புரை விழும் என்பதைச் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் 1941இலேயே எடுத்துக் காட்டியிருந்தார். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு முடிவதற்குள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேருக்கு இந்நோய் கண்டது. கருவிலேயே அதன் பாதிப்பைப் பெற்றுப் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 20,000 பேர். அவர்களில் 243 குழந்தைகளை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்த ஸ்டெல்லா செஸ் என்ற பெண் வைத்தியர், அவர்களில் பத்துப் பேரிடம் ஆட்டிசம் முழுமையாகவும் எட்டுப் பேரிடம் ஓரளவும் காணப்படுவதாக 1971இல் அறிவித்தார். பதினாயிரத்தில் சிலருக்கே உண்டு என்று அந்நாளில் கருதப்பட்ட ஒரு நிலை 243 பேரில் பதினெட்டுப் பேரிடம் தலைகாட்டுமானால், அதை யதேச்சை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் வைரஸ் நேரே சிசுவின் மூளையைத் தாக்கியதா, அல்லது வைரஸை எதிர்த்த போரின் விளைவுதானா என்று பிரித்தறியும் உபாயம் செஸ்ஸிடம் இல்லை. அது வந்து சேர முப்பது வருஷங்களுக்கு மேலாயிற்று.

அந்த வருஷங்களின் தொடக்கத்தில் பேட்டர்சன் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், ஆட்டிசத்துக்கோ எதிர்ப்புச் சக்திக்கோ எள்ளளவும் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தில் ஆழ்ந்திருந்தார். அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சின் கழுத்திலிருந்து எடுத்த நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் தனியே வளர்த்தால், அவை நார்அட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து செய்தி அனுப்பும். அவற்றை எலியின் ஹிருதய அணுக்களோடு சேர்த்து வளர்த்தாலோ, அந்த வழக்கத்தை விட்டுவிட்டு அசிட்டைல்கோலின் என்ற வேறொரு இரசாயனத்தைச் சுரக்கத் தொடங்கும். இதைவிட விசேஷம், ஹிருதய அணுக்கள் ஊறிய திரவத்தை மாத்திரம் வடித்து ஊற்றினாலும் அதே மாற்றம் நிகழ்ந்தது. ஆகவே அணுக்கள் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும் ஏதோ ஒரு பொருள்தான் நரம்பணுவின் ஆயுட்காலத் தொழிலையே மாற்றியமைக்கிறது என்று தெரிந்தது.

அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிப்பது சாமானியமான காரியமாயில்லை. திரவத்தில் அது இருந்த அளவு மிக அற்பம். லிட்டர் லிட்டராக வடித்தெடுத்து, படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி நரம்பணுக்களின் மேல் ஊற்றிச் சோதித்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. 1983இல் அவர் பாசடீனா நகரிலுள்ள கால்டெக் ஸ்தாபனத்துக்கு மாறியபோதும் வேலை நீண்டது. முடிவில் 1989இல் விடை கிடைத்தபோது, அது ஏற்கெனவே வேறொரு பெயரில் அறியப்பட்டிருந்த புரதம் என்று வெளியாயிற்று. எலியின் இரத்தப் புற்றுநோய் அணுக்களைப் பெருகவொட்டாமல் தடுத்து முதிரச் செய்வதாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்திருந்த எல்.ஐ.எஃப். என்ற பொருளே அது. இரத்த அணுக்களும் எதிர்ப்பு அணுக்களும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் சைட்டோகைன் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. நரம்பின் பாஷை என்று நினைத்துத் தாம் பதினைந்து வருஷம் ஒட்டுக்கேட்டது எதிர்ப்பு மண்டலத்தின் பாஷையும்கூட என்று ஒரு மனிதருக்குத் தெரியவந்தால், அவர் அதன்பிறகு பழைய எல்லைக்கோட்டை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

பேட்டர்சன் உட்கார்ந்திருக்கவில்லை. 1957ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சா பரவிய காலத்தில் ஹெல்சிங்கியில் கருவிலிருந்தவர்களிடையே பிற்காலத்தில் ஸ்கிசோஃப்ரினியா அதிகம் காணப்பட்டது என்று சார்னாஃப் மெட்னிக் என்பவர் 1988இல் வெளியிட்டிருந்த ஆராய்ச்சி, அவர் கவனத்தை ஈர்த்திருந்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் கருவுற்ற சுண்டெலிகளின் மூக்கில் இன்ஃப்ளூயன்சா வைரஸைச் செலுத்தி, அவை ஈன்ற குட்டிகள் வளர்ந்தபின் அவற்றின் நடத்தையை அளந்தார்கள். பெரிய ஓசைக்கு முன்னால் சிறிய ஓசையொன்றைக் கேட்கச் செய்தால், எலியும் மனிதனும் பெரிய ஓசைக்குத் துள்ளுவது குறையும். இக்குட்டிகளிடம் அந்தக் குறைவு சரியாக நிகழவில்லை. அந்நிய எலியை அணுகுவதிலும், புதிய இடத்தைச் சுற்றிப் பார்ப்பதிலும் அவை தயங்கின. 2003இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் உயிர்நிலை இன்னொன்றில் இருக்கிறது. வைரஸே இல்லாமல், வைரஸ் வந்துவிட்டதாக உடலை ஏமாற்றும் பாலி ஐ:சி என்ற செயற்கைப் பொருளைத் தாய்க்கு ஊசியாகப் போட்டபோதும், ஓசைப் பரிசோதனையில் குட்டிகள் அதே விதமாகத் தவறின. அப்படியானால் குற்றவாளி கிருமியல்ல. தாயின் உடல் கிருமிக்கெதிராகத் தொடுத்த அஸ்திரமே வயிற்றுச் சிசுவைப் போய்த் தொடுகிறது.

எந்த அஸ்திரம் என்பதற்கு 2007இல் பதில் வந்தது. இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனை ஒரே ஒரு தடவை தாய் எலிக்குச் செலுத்தினாலே குட்டிகளின் நடத்தை மாறியது. பாலி ஐ:சியோடு அந்த சைட்டோகைனை முடக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துக் கொடுத்தால் மாறவில்லை. எல்.ஐ.எஃப்.பும் இன்டர்லூக்கின்-6உம் ஒரே குலத்துப் புரதங்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, ஹார்வர்டின் கண்ணாடித் தட்டுக்கும் இந்தக் கர்ப்பப்பைக்கும் உள்ள தொடர்ச்சி விளங்கும்.

இவ்வாராய்ச்சிகளில் ஆட்டிசத்தின் சாயலை எலியிடம் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பது நியாயமே. கூண்டில் மரத்தூளைப் பரப்பி, அதன்மேல் கண்ணாடிக் கோலிகளை வரிசையாக வைத்துவிட்டு எலியை இறக்கிவிடுவார்கள். சாதாரண எலி சிலவற்றைத் தூளில் புதைக்கும். பாலி ஐ:சி பெற்ற தாயின் குட்டியோ ஓயாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைத்துக்கொண்டே போகும். செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் சுபாவத்துக்கு அதுவே அளவுகோல். தாயைப் பிரிந்த குட்டிகள் நம் காதுக்கு எட்டாத உச்சஸ்தாயியில் எழுப்பும் கீச்சொலியைக் கருவியால் பதிவுசெய்து, அதைப் பேச்சுக்கு ஈடாக வைத்து எண்ணுகிறார்கள். கோலி புதைக்கும் எலியை ஆட்டிசம் கொண்ட குழந்தையோடு ஒப்பிடுவது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் கருவில் மூளை உருவாகும் விதத்தை மனிதத் தாயிடம் பரிசோதித்துப் பார்க்க முடியாத இடத்தில், வேறு வழிதான் என்ன? பிற்காலத்தில் ரீசஸ் குரங்குகளிடமும் இதை ஒத்த விளைவுகளைக் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் அவரோடு சேர்ந்து கண்டார்கள்.

அவருடைய மாணவியான இலேன் ஷாவ் 2012இல், இக்குட்டிகளின் எதிர்ப்பு மண்டலமே நிரந்தரமாகக் கோணிப்போயிருப்பதையும், அவற்றுக்குக் கதிரியக்கம் கொடுத்துச் சாதாரண எலியின் எலும்பு மஜ்ஜையைப் பொருத்தினால் புதைக்கும் சுபாவம் மறைவதையும் காட்டினார். (குழந்தைகளுக்கு இது சிகிச்சை என்று யாரும் ஓடிவிடக் கூடாது, எலியின் வழி மனிதனின் வழியாகிவிடாது.) மறு வருஷம் நுண்ணுயிர் விஞ்ஞானியான சார்க்கிஸ் மாஸ்மேனியனோடு சேர்ந்து, அக்குட்டிகளின் குடற்சுவர் கசிவுடையதாயிருப்பதையும், பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற நுண்ணுயிரை ஆகாரத்தோடு கொடுத்தால் குடலும் பல நடத்தைகளும் சீராவதையும் வெளியிட்டார்கள். மற்ற எலியோடு பழகும் குணம் மட்டும் அந்த ஆகாரத்தாலும் சீராகவில்லை என்பதை அக்கட்டுரையே ஒளிக்காமல் சொல்லியிருக்க, அதைப் பற்றி வெளிவந்த பரபரப்புச் செய்திகள் பலவும் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விட்டன. 2014 ஜூன் மாதத்தில் பேட்டர்சன் காலமானார். இரண்டு வருஷம் கழித்து குளோரியா சோ, ஜுன் ஹூ என்ற விஞ்ஞானிகள், இன்டர்லூக்கின்-6க்கு அடுத்த கண்ணி இன்டர்லூக்கின்-17ஏ என்று நிறுவினார்கள்.

முன்பு தாயின் மனத்தைக் குற்றம் சாட்டிய உலகம் இனித் தாயின் காய்ச்சலைக் குற்றம் சாட்டக் கிளம்பிவிடுமோ என்பதுதான் இந்தச் சரித்திரத்தைப் படிக்கையில் எனக்கு எழும் அச்சம். அதற்கு ஆதாரமில்லை. 1980 முதல் 2005 வரை டென்மார்க்கில் பிறந்த குழந்தைகள் அனைவரையும் கணக்கிலெடுத்த ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. கர்ப்ப காலம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தொற்றுநோய்க்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் தென்படவில்லை. முதல் மூன்று மாதங்களில் வைரஸ் நோய் முற்றி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்களிடமோ அபாயம் கூடித் தெரிந்தது. அவர்களிலும் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. பரம்பரைக் கூறுகளின் பங்கு இதில் மிகப் பெரிது. காய்ச்சல் அவற்றோடு சேரும் பல காரணங்களில் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவே.

எதிர்ப்புச் சக்தியையும் ஆட்டிசத்தையும் ஒரே வாக்கியத்தில் சொன்னதும் தடுப்பூசியைச் சந்தேகிப்பவர்கள் இங்கும் உண்டு. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் லான்செட் பத்திரிகையில் அந்தச் சந்தேகத்தை எழுப்பிய கட்டுரையை, அப்பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2019இல் 6,57,461 டென்மார்க் குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படியொரு சம்பந்தம் காணப்படவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய புரளிகளால் எத்தனையோ பெற்றோர் தயங்கி நின்றார்கள். ஸ்டெல்லா செஸ் கவனித்த குழந்தைகளின் கதை தெரிந்தவர் எவரும் அந்த ஊசிக்குத் தயங்க நியாயமில்லை. ரூபெல்லா தடுப்பூசி 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015 ஏப்ரல் மாதத்தில், வட அமெரிக்கா தென் அமெரிக்கா இரண்டிலும் அந்நோயின் உள்நாட்டுப் பரவல் நின்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.