காறுதல்: ஒரு சொல்லும் ஒரு கலயமும்

தோழர்களே, சொற்களின் வரலாற்றுக்குள்ளும் சாதியின் வரலாறு இருக்கிறது. ‘காறுதல்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம்.

சில கிழங்குகளைத் தின்றால் தொண்டை அரிக்கும். அதைக் ‘காறுகிறது’ என்கிறோம். அப்படிக் காறாத கிழங்குக்குக் காறாக்கருணை என்றே பெயர். தொண்டையில் சேர்ந்த கோழையைச் சத்தத்தோடு வெளிக்கொணர்வதும் காறுதல்தான். மலையாளத்திலும் ‘காறித் துப்புக’ என்பர். கன்னடத்தில் ‘காரு’ என்றால் வாந்தியெடுத்தல். உள்ளே தங்கக்கூடாததை உடல் வெளியேற்றுகிறது; சொல்லின் பொருள் அவ்வளவே. ‘எச்சில்’ என்பதும் ‘எஞ்சு’ என்ற வேரிலிருந்து வந்தது. மிஞ்சியது என்றுதான் அதற்குப் பொருள். இரண்டு வேர்களிலும் தீட்டு இல்லை.

தீட்டைச் சேர்த்தது சாதி. பேஷ்வா ஆட்சியில் புனே நகரத்துத் தீண்டப்படாதோர் எச்சிலைத் துப்பிக்கொள்ளக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. தரையில் விழுந்த எச்சிலை அறியாமல் ஓர் இந்து மிதித்தால் தீட்டாகிவிடும் என்பது காரணம். அண்ணல் அம்பேத்கர் இதை ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்தார். லாகூரில் நிகழ்த்த அழைக்கப்பட்டு, பின்னர் மறுக்கப்பட்ட அந்த உரையை 1936இல் அவரே அச்சிட்டார். மேலிருப்பவன் காறித் துப்பினால் அது அதிகாரம். கீழிருப்பவன் துப்பினால் அது குற்றம். உடலின் செயல் ஒன்றே; அதற்குப் பொருள் சொல்லும் உரிமைதான் சமமாக இல்லை.

1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும் இறக்குகிறார்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகுந்தால் ஆளையே கொல்லும். குறைந்த அளவிலும் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். மேலேறி வந்தவர் காறித் துப்பும்போது தெரு முகம் சுளிக்கிறது. அவர் தொண்டைக்குள் அதை யார் போட்டது என்று கேட்பதில்லை.

குழிக்குள் இறப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதைப் பெற்றுத்தருவது நம் கடமை. கூடவே, உயிரோடு இருமிக்கொண்டிருப்பவரையும் நம் கோரிக்கைக்குள் கொண்டுவர வேண்டும்: ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, அதன் அறிக்கை அவர் கையில், நோய்க்காலத்துக்குச் சம்பளம். மாணவர்கள் தங்கள் ஊர் நகராட்சியில் இந்த மூன்றும் நடக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பதில்களிலிருந்து நம் அடுத்த வேலை தொடங்கட்டும்.