சினிமாச் சட்டையும் சின்னத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரு காக்கிச் சட்டை. இரண்டாம் உலகப் போரில் ஒரு சிப்பாய் போட்டிருந்தது என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள். காலரின் உட்புறம் தைத்திருந்த துணிப் பட்டையில் ‘வெஸ்டர்ன் காஸ்ட்யூம் கம்பெனி’ என்று அச்சு. அதன் கீழே ஒரு பெயரும் சில அளவுகளும். “இது அந்தச் சிப்பாயோட பேருதானே சார்?” என்று கேட்டிருந்தார்.

இல்லை தம்பி. அது 1912-இல் தொடங்கி இன்றுவரை ஹாலிவுட் படங்களுக்கு உடை தைத்து வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனி. பட்டையில் இருப்பது நடிகரின் பெயர். இதை எழுதியதும் உடனே பதில் வந்தது: “அப்ப நான் ஏமாந்துட்டேனா சார்?”

விலையில் ஏமாந்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

போர்ப் படங்களுக்காகச் செய்த சீருடைகள், தலைக்கவசங்கள், துப்பாக்கிகள் இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் ஸ்டுடியோக்காரர்களே அவற்றை மதித்ததில்லை. ஒரு படத்தில் சார்ஜென்ட் போட்ட சட்டை அடுத்த படத்தில் கூட்டத்தில் நிற்கும் ஒருவருக்குப் போகும். கிழியும்வரை உழைக்கும். 1970 மே மாதம் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் கிடங்குச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தின் சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. சினிமாப் பழசுக்கும் விலை உண்டு என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

தேர்ந்த சேகரிப்பாளர்கள் பார்க்கும் விதமே தனி. காலர் பட்டையைப் பார்ப்பார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதில் தெரியும் கீறலும் தையலும் கையில் உள்ள பொருளில் இருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். ஒரே துப்பாக்கியில் இரண்டு மூன்று வகை இருக்கும். கேமரா கிட்டே வரும்போது காட்ட நுணுக்கமாகச் செய்தது ஒன்று, விழுந்து புரளும் சண்டைக்கு ரப்பரில் வார்த்தது இன்னொன்று. புதுச் சட்டையைத் தேய்த்து, அழுக்காக்கி, பத்து நாள் பதுங்குகுழியில் கிடந்ததுபோல ஆக்குவதும் ஒரு தொழில்தான்.

சட்டை மட்டுமா? விமானமும் உண்டு. அதே 1970-இல் ‘டோரா! டோரா! டோரா!’ என்ற படம் வந்தது. 1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய கதை. ஜப்பானிய விமானங்களுக்கு எங்கே போவது? போரில் அழிந்ததும் போருக்குப் பின் உடைத்ததும் போக மிஞ்சியவை மிகச் சிலவே. அதனால் அமெரிக்கப் பயிற்சி விமானங்களை வாங்கி, உருவத்தை மாற்றி, ஜப்பானியச் சாயம் பூசிப் பறக்கவிட்டார்கள். படம் முடிந்தபின் அவற்றில் சில, டெக்சாஸைச் சேர்ந்த பழைய விமானங்களைக் காக்கும் ஓர் அமைப்பிடம் வந்து சேர்ந்தன. இன்றும் விமானக் காட்சிகளில் பறக்கின்றன. 2001-இல் வந்த ‘பேர்ல் ஹார்பர்’ படத்திலும் அவற்றில் சில நடித்தன. பறக்கும் நிலையில் உள்ள அசல் ‘வால்’ குண்டுவீச்சு விமானம் உலகில் ஒன்றுகூடக் கிடையாது. அது வானத்தில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் இந்த வேஷம் போட்ட விமானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

1969-இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ இன்னும் வேடிக்கை. அதில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்களாக நடித்தவை ஸ்பெயினில் கட்டியவை. உள்ளே இருந்த எஞ்சினோ இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். எதிரியான ஸ்பிட்ஃபயருக்கும் அதே மெர்லின்தான்! அந்தப் படத்தில் பறந்த அமெரிக்க விமானி ஒருவர் சம்பளத்துக்குப் பதிலாகச் சில விமானங்களையே வாங்கிக்கொண்டு போய், டெக்சாஸில் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார்.

வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது நினைவிருக்கிறதா? ஒரு பொருள் கையில் கிடைத்தால் முதல் கேள்வி, ‘இது எந்தக் காலத்துக்குச் சாட்சி?’ என்பதுதான். என் மாணவரின் சட்டை 1942-க்குச் சாட்சி இல்லை. பின்னால் வந்தவர்கள் 1942-ஐ எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. அதுவும் வரலாறுதான். அந்தப் பட்டையை யாராவது பிரித்து எடுத்துவிட்டால் இரண்டு தலைமுறையில் சினிமாச் சட்டை போர்ச் சட்டை ஆகிவிடும். பார்ப்பவர்கள் அதைக் கும்பிட்டாலும் ஆச்சரியமில்லை.

அதையெல்லாம் அவருக்கு எழுதிவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் சின்னத் தாத்தா பர்மா போர்முனைக்குப் போய்த் திரும்பியவர். உறவுகளில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர் திண்ணையில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் காக்கித் துணி சுற்றிய தண்ணீர்க் குடுவை, ஒரு பித்தளை பக்கிள், சில காகிதங்கள். அவர் இறந்த மறு வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியும் குடுவையும் பக்கிளும் பேரீச்சம்பழக்காரரிடம் போயின. காகிதங்கள் போகித் தீயில் போயின. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பொட்டலத்தில் வந்த பழத்தில் என் பங்கைக் கேட்டு வாங்கித் தின்றேன். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று இன்று நம் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு உலகப் போர் நடத்தியவன் நான்.

அங்கே நடிப்புக்காகத் தைத்த சட்டையின் காலரில்கூடப் பெயர் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளே, பரணில் ஏதாவது மிச்சம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். யாருடையது, எந்த வருஷம், யார் சொல்லித் தெரியும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். சின்னத் தாத்தாவைப் பற்றி உறவுகளில் யாருக்காவது ஒரு வரி தெரிந்தாலும் கீழே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அமெரிக்க மாணவர் சட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. ‘சினிமாவுக்காகத் தைத்தது’ என்று ஒரு அட்டை எழுதிக் கோத்து மாட்டியிருக்கிறார். படம் அனுப்பினார். கையெழுத்து மட்டும் இன்னும் திருந்தவில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்