தொழிலாளர் வசதிகள், ஊத்துக்கோட்டை–கும்மிடிப்பூண்டி வட்டாரம்

இளந்தொழிலாளர்களை ஈர்க்கவும் தக்கவைக்கவும் ஊதியத்துடன் ஆலைகள் அளிக்கும் போக்குவரத்து, உணவு, தங்குமிடம் முதலியவற்றின் தொகுப்பு.

இவை சட்டத்தால் கட்டாயமானவை, நிறுவனம் விரும்பி அளிப்பவை என இருவகைப்படும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளுக்குக் கேன்டீனையும், 30 பெண்களுக்கு மேற்பட்டவற்றுக்குக் குழந்தைகள் காப்பகத்தையும் வகுத்தது. இவ்வகை உரிமைகளைச் சலுகையாக விளம்பரப்படுத்துவது பொருந்தாது.

கும்மிடிப்பூண்டிக்குச் சென்னைப் புறநகர் ரயில் உண்டு. ஆரணியாற்றங்கரையிலுள்ள ஊத்துக்கோட்டைக்கு ரயில் இல்லை. எனவே இவ்வூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் (தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம்) வளாகங்களுக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோருக்குக் கம்பெனி பஸ்ஸே தலையாய வசதி. இரவு ஷிப்டில் பெண்கள் வேலையை ஏற்பதும் விடுவதும் பெரிதும் அதைப் பொறுத்தவை. ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரின் ஆலைகளும் ஆள் தேடுவதால் இளையோருக்கு மாற்று வாய்ப்பு அருகிலேயே உள்ளது.

தங்குமிடத்தின் தரம் மாநில அளவில் கவனம் பெற்றது 2021 டிசம்பரில். பூந்தமல்லி அருகே மின்னணுப் பொருள் தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர்களின் சாலை மறியலையடுத்து மூடப்பட்ட அந்நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2022 ஜனவரியில் மீண்டும் இயங்கியது. பின்னர், 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 படுக்கைகள் கொண்ட சிப்காட் குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார், அதன் செலவு ரூ.706.50 கோடி.