முட்டை ஓட்டின் நிறம்

கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில் பழுப்பு முட்டை என்றால் நாட்டுக்கோழி முட்டை, சத்து மிகுந்தது என்று கூடுதல் விலை கொடுப்போர் பலர். நிறத்தில் சத்து உண்டா?

1902-இல் வெளியான ஆய்வில் இங்கிலாந்து அறிஞர் பேட்சன், நம் அசீல் சண்டைக்கோழியின் வழிவந்த 'இந்தியன் கேம்' கோழியை வெள்ளை லெகார்னுடன் இணைத்தார். கொண்டையின் வடிவமும் இறகின் நிறமும் மெண்டலின் விதிப்படியே குஞ்சுகளுக்கு வருவதைக் கண்டார். தென் அமெரிக்கக் கோழியின் நீல முட்டைக்கு ஓர் ஓங்கு மரபணுவே காரணம் என்று 1933-இல் பன்னெட் காட்டினார்.

ஆக, நிறத்தை மனிதன் தேர்ந்தெடுக்கலாம். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'கிராமப்பிரியா' கோழிக்கு, கிராம மக்கள் விரும்பும் வண்ண இறகும் பழுப்பு முட்டையும் அப்படி அமைந்தவையே.

பழுப்பு என்பது ஓட்டில் படியும் நிறமி மட்டுமே. முட்டையின் சத்தை ஓட்டின் நிறம் கூட்டுவதில்லை. கோழி தின்னும் தீனியே அதை மாற்றும். ஓட்டை நாம் உண்பதில்லையே!