திமிங்கில மேட்டில் கூடும் வீரர்கள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஹவாய் என்றே பெயர் கொண்ட பெரிய தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது கவாய்ஹாய் துறைமுகம். சுற்றுலாப் படங்களில் பார்க்கும் பசுமை இங்கே கிடையாது. வெயில் கொளுத்தும். மலையிலிருந்து இறங்கும் காற்று புழுதியை வாரி இறைக்கும். பார்த்த இடமெல்லாம் கியாவே மரங்கள். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மரம் அது. 1828ல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனொலுலுவில் நட்டு வளர்த்ததிலிருந்து தீவுகளெங்கும் பரவிவிட்டது. இந்த வறண்ட கரையில்தான் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் ஹவாய் மண்ணின் வீரர்கள் ஈட்டியும் கையுமாகக் கூடுகிறார்கள்.

கடலைப் பார்த்த குன்றின் உச்சியில் 224 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள ஒரு கல் மேடை. பூகோஹோலா என்பது அந்த இடத்தின் பெயர்; திமிங்கில மேடு என்று பொருள். ஹவாய் மக்கள் தங்கள் கோயிலை ஹெயாவ் என்பார்கள். இந்த ஹெயாவைக் கட்ட ஒரு கைப்பிடிச் சாந்துகூடப் பயன்படவில்லை. 20 மைலுக்கும் அப்பால் உள்ள பொலொலூ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றியே கற்களைக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அரசனும் அவர்களோடு கல் சுமந்தான். அவன்தான் கமெஹமெஹா. போர்த்தெய்வமான கூவுக்கு இங்கே பெருங்கோயில் எழுப்பினால் தீவுகள் அனைத்தும் அவன் குடைக்கீழ் வரும் என்று கபௌகஹி என்ற பூசாரி குறி சொல்லியிருந்தார். 1790ல் தொடங்கிய வேலை 1791ல் முடிந்தது.

அப்போது தீவின் தெற்கையும் கிழக்கையும் ஆண்டவன் கெயோவா. கமெஹமெஹாவுக்குப் பங்காளி முறை. 1790ல் அவன் படை கிலவேயா எரிமலையைக் கடக்கையில் மலை வெடித்து, ஒரு பிரிவு வீரர்கள் அங்கேயே மாண்டார்கள். மறு ஆண்டு கோயில் திறப்புக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. உயிரோடு திரும்ப மாட்டோம் என்று தெரிந்தே அவன் படகேறினான் என்று சொல்வார்கள். கரை சேர்ந்தபோதே அவனும் உடன் வந்தவர்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். அவன் உடல் கோயிலின் முதல் பலியாயிற்று. 1810க்குள் எல்லாத் தீவுகளும் ஒரே அரசின் கீழ் வந்தன. குறி பலித்தது. கெயோவாவின் வழியினரான காவூ பகுதிக் குடும்பங்களுக்கோ இந்தக் குன்று ஆறாத புண்ணாகவே இருந்தது.

அன்றைய வீரர்களின் திறம் எப்படிப்பட்டது என்பதற்கு வெளியார் சாட்சியம் உண்டு. 1793ல் இத்தீவுக்கு வந்த ஆங்கிலக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் ஒரு பாவனைப் போரைக் கண்டார். கமெஹமெஹாவை நோக்கி ஆறு ஈட்டிகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. மூன்றை அவன் பறக்கும்போதே பிடித்தான், இரண்டைத் தட்டிவிட்டான், ஆறாவதற்கு உடலை ஒதுக்கி விலகினான். இந்தத் திறத்துக்கு அடிப்படையாக இருந்த கலைக்கு லூவா என்று பெயர். மூட்டைப் பிடிப்பது, எலும்பை முறிப்பது, நரம்பிடங்களில் தாக்குவது எல்லாம் இதில் அடங்கும். நீள ஈட்டி, எறியீட்டி, கவண், காலை வளைத்து வீழ்த்தும் கயிற்றுக்கல், சுறாப்பல் பதித்த லெயொமனோ ஆகியவை இதன் கருவிகள். தேர்ந்த வீரர்கள் பிடிக்கு நழுவ வேண்டும் என்று உடல் மயிரைக் களைந்து எண்ணெய் பூசிக்கொள்வார்கள். முறித்த எலும்பைக் கட்டிச் சேர்க்கவும் பிடித்துவிடவும் ஆசான்கள் கற்றுத் தந்தார்கள்.

இந்தக் கலைக்கு அரசும் போரும் மட்டும் ஆதாரமாக இருக்கவில்லை. கார்த்திகை மீன் கூட்டம் மாலையில் கீழ்வானில் எழும்போது தொடங்குவது மகஹிகி. லோனோ தெய்வத்துக்குரிய ஏறத்தாழ நான்கு மாதப் பருவம் அது. அப்போது போர் கூடாது. மல்யுத்தம், குத்துச்சண்டை, ஈட்டி எறிதல், கல் உருட்டல் என ஊர்கள் ஒன்றோடொன்று மோதி விளையாடும். கலை தெரிந்தவன் தன்னைக் காட்டவும், அடுத்த தலைமுறை பார்த்துப் பழகவும் ஒரு களமும் ஒரு காலமும் இருந்தன. 1819ல் பழைய சமய ஒழுங்கைத் தீவின் ஆட்சியாளர்களே கலைத்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். கூடும் நாள் போயிற்று. லூவா ஒரு சில குடும்பங்களின் கதவுக்குள் ஒடுங்கிற்று. 1893ல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896ல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்வியும் நின்றது. அதற்குமேல் யாரிடம் போய்க் கற்பது?

மீட்சியை ஒரு வரலாற்றறிஞர் தொடங்கி வைத்தார். சார்ல்ஸ் கென் பழைய ஹவாய் விளையாட்டுகளையும் வழக்கங்களையும் தேடித் தொகுத்தவர். லூவாவையும் முறையாகப் பயின்றவர். 1970களில் அவர் ஐந்து மாணவர்களுக்கு அதைக் கற்பித்தார். அவர்களில் ரிச்சர்ட் பக்லினவான், ஜெரி வாக்கர், மிட்செல் ஈலை, மோசஸ் கலாவொகலனி ஆகிய நால்வரும் 1990களின் தொடக்கத்தில் வகுப்பைப் பொதுவில் திறந்தார்கள். தாங்கள் கற்றதைப் பின்னாளில் நூலாகவும் எழுதி வைத்தார்கள். அதே தலைமுறைதான் அமெரிக்கக் கடற்படை குண்டு வீசிப் பழகிய கஹோவொலவே தீவை மீட்கப் போராடியது. 1982ல் அங்கே மகஹிகிச் சடங்கை மீண்டும் தொடங்கியதும் அவர்களே.

திமிங்கில மேட்டின் கூட்டம் 1991ல் பிறந்தது. கோயிலுக்கு 200 ஆண்டு நிறைந்த வேளை. கொன்றவன் வழியினரும் கொல்லப்பட்டவன் வழியினரும் அதே குன்றின் அடியில் ஒருவரையொருவர் எதிர்கொள்ள முடிவு செய்தார்கள். ஹோகுயிகஹி, ஒன்றிணைதல், என்று அந்த நிகழ்வுக்குப் பெயரிட்டார்கள். மௌயித் தீவின் மரச்சிற்பி சாம் கஹாய் காவாய் இதற்காக ஆண்களைத் திரட்டிப் பழக்கினார். நா கோவா, அதாவது வீரர்கள், என்ற அணி அப்படி உருவானது. தலைமைப் பூசாரி பொறுப்பைப் பிற்பாடு நெடுங்காலம் சுமந்தவர் ஜான் கெயோலா லேக். ஆசிரியர், ஹூலா நடன ஆசான், பழம்பாடல்களில் துறைபோனவர். 2008ல் அவர் மறைந்த பிறகும் சடங்கு நிற்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் உயிர் அந்தச் சடங்கில்தான் இருக்கிறது என்பது என் திடமான எண்ணம். உலகில் எத்தனையோ தற்காப்புக் கலைகள் நுணுக்கங்களைப் படமெடுத்து, பட்டியலிட்டுக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. பழகியவனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்று இல்லாமல் போனால் அவை காட்சிப்பொருளாகிவிடுகின்றன. பூகோஹோலாவில் ஈட்டி பிடித்தவனுக்கு வேலை இருக்கிறது. விடியுமுன் சங்கு முழங்க, மலோ என்னும் கோவணம் உடுத்தி அவன் அணிவகுத்து நடக்க வேண்டும். முதியோர் காணிக்கை செலுத்தும்வரை வெயிலில் அசையாமல் காவல் நிற்க வேண்டும். பிறகு ஆவா பானத்தைக் கிண்ணத்தில் ஏந்தி, முறைப்படி பகிர வேண்டும். போர் ஆட்டம் உண்டு. ஆனால் பார்ப்பவன் நெஞ்சில் தங்குவது அந்த அசையாத நிற்றல்தான்.

மௌயியின் ஹலே முவா அமைப்பைத் தனியே சொல்ல வேண்டும். கைல் நாகானெலுவாவின் தலைமையில் வளர்ந்தது அது. முன்பு ஹலே முவா என்றால் ஆண்கள் கூடி உண்ணும், வழிபடும் வீடு. இன்று அங்கே சேருகிறவர்கள் பகலில் வேலைக்குப் போகும் சாதாரணக் குடும்பத்தலைவர்கள். ஆயுதத்தைத் தாங்களே மரத்திலிருந்து செதுக்குகிறார்கள். முன்னோர் பெயர் வரிசையைத் தாய்மொழியில் சொல்லப் பழகுகிறார்கள். மொழியையும் நிலத்தையும் இழந்த ஒரு இனத்தின் ஆண்கள் இப்படித் தங்களை மீட்டுக்கொண்ட கதையை டை காவிகா டெங்கன் என்ற ஹவாய் மானிடவியலாளர் விரிவான நூலாக 2008ல் வெளியிட்டார்.

1972 முதல் பூகோஹோலா அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ள வரலாற்றுத் தலம். 2006 அக்டோபர் 15ஆம் தேதி 6.7 அளவு நிலநடுக்கம் தாக்கியதில் சுவர்கள் பல இடங்களில் சரிந்தன. சிமென்டுக்குப் போகாமல், சாந்தின்றிக் கல் அடுக்கும் பழைய முறை தெரிந்த கைகளைக் கொண்டே அவற்றை எழுப்பினார்கள். நம்மைப் போன்ற வெளியார் மேடை மீது ஏற முடியாது; கீழே பாதையோரம் நின்றுதான் பார்க்கலாம். அது சரியான கட்டுப்பாடு என்றே எனக்குப் படுகிறது. சடங்கு முடிந்த பிறகு கீழே கடலோரம் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். சேப்பங்கிழங்கை இடித்துப் போயி செய்வதையும், மரப்பட்டையைத் தட்டித் துணியாக்குவதையும் குழந்தைகள் உட்கார்ந்து கற்கிறார்கள். வாழைத்தண்டை நட்டு அதில் ஈட்டி எறியவும் சொல்லிக் கொடுக்கிறார்கள்.