தேனிலவுக் காட்டின் வரலாறு



நம் நாட்டில் புதுமணத் தம்பதியர் தேனிலவுக்கு லங்காவியையோ கேமரன் மலையையோ நாடுவர். கானகத்தையும் விலங்குகளையும் விரும்புவோர் தாமான் நெகாராவுக்குச் செல்வர். இக்காடு 130 மில்லியன் ஆண்டு பழமையானது என்று விளம்பர ஏடுகள் பெருமையாகக் கூறும். ஒரு காலத்தில் தீபகற்பம் முழுவதும் இத்தகைய காடாகத்தான் இருந்தது. மற்றவை தோட்டங்களாகவும் நகரங்களாகவும் மாறியபோது இது மட்டும் எவ்வாறு தப்பியது என்பதை அந்த ஏடுகள் சொல்வதில்லை.

அதற்கு விடை தேடினால் ஒரு வேட்டைக்காரர் எதிர்ப்படுகிறார். அவர் பெயர் தியோடர் ஹப்பேக். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் ஜாமேக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக்கின் உடன்பிறந்தவர். யானை, செலாடாங் எனும் காட்டெருது ஆகியவற்றை வேட்டையாடியது குறித்து 1905இல் ஒரு நூலே எழுதினார். ரப்பர் பயிரிட்டவரும்கூட. அத்தகையவர் பின்னாளில் துப்பாக்கியை விடுத்து, பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காப்பாளரானார். தாம் சுட்ட விலங்குகளையே காக்க முனைந்த இம்மனமாற்றம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

1925இல் குனோங் தஹான் மலையைச் சூழ்ந்த சுமார் 1,300 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குக் காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. ஹப்பேக்குக்கு அது போதவில்லை. 1930இல் அமைக்கப்பட்ட மலாயா வனவிலங்கு ஆணையத்தை அவரே நடத்தி, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை அளித்தார். யானைகள் பயிரை அழிக்கின்றன என்று தோட்ட முதலாளிகள் முறையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர்களின் தோட்டங்களில் காட்டை வெட்டி, எரித்து, கன்று நட்டவர்களுள் நம் முன்னோர் பெரும்பாலோர். யானை வந்தால் முதலில் அஞ்சியவர்களும் லயத்தில் குடியிருந்த அவர்களே. எனவே அம்முறையீட்டை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இறுதியில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் நிலத்தை ஒதுக்கிச் சட்டம் இயற்றின. 1938-39ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவானது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஆறு சிங்கப்பூர்கள் அதனுள் அடங்கும். பாதேக் பூர்வகுடியினர் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்கள். ஹப்பேக் ஜப்பானியர் காலத்தில், 1942இல் உயிரிழந்தார். நாடு விடுதலை பெற்ற பின் பூங்காவுக்குத் தாமான் நெகாரா என்னும் பெயர் வந்தது.

நானும் என் துணைவியாரும் 2004இல் தேனிலவுக்கு அங்குச் சென்றோம். கோலாலம்பூரிலிருந்து தும்பாட் செல்லும் இரவு ரயிலில் ஏறி, விடியுமுன் ஜெராண்டுட்டில் இறங்குவதாகத் திட்டம். மெந்தகாப்பைக் கடக்கும்போது, இந்தத் தண்டவாளத்தைத்தான் ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுசென்றனர் என்று அவரிடம் கூறினேன். 1931இல் முழுமையடைந்த கிழக்குக்கரைப் பாதை அது. மெந்தகாப்புக்கு வடக்கே நெடுந்தொலைவு தண்டவாளமின்றிக் கிடந்து, போருக்குப் பின்னரே மீண்டும் போடப்பட்டது. துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் பாட்டியின் அண்ணனையும் தோட்டத்திலிருந்து அங்கேதான் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை," என்றார். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அவ்வாறு சென்றனர். தேனிலவில் பேசத்தக்க பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். எங்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

கோலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து நீண்ட படகில் ஆற்றை எதிர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். அந்தத் தெம்பிலிங் ஆற்றின் குறுக்கே அணைகட்டும் திட்டம் 1970களில் எழுந்தது. நிறைவேறியிருந்தால் பூங்காவின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். மலாயா இயற்கைக் கழகமும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர்; 1980களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. சட்டம் இயற்றிய பிறகும் காட்டுக்காக வாதாட ஆள் வேண்டியிருந்தது.

பூங்காவில் பும்புன் எனப்படும் மறைவுக் குடில்கள் உள்ளன. விலங்குகள் உப்புமண்ணை நக்க வரும் இடத்தைப் பார்த்தவாறு அவை அமைந்திருக்கும். ஓர் இரவு அங்குத் தங்கினோம். நள்ளிரவுக்குப் பின் தாப்பிர் ஒன்று வந்தது. முன்பாதி கறுப்பு, நடுவில் வெள்ளை; இருளில் வெள்ளைப் பகுதி மட்டும் தனியே மிதப்பதுபோல் தோன்றியது.

ஹப்பேக் ஆர்வத்துடன் ஆராய்ந்த சுமத்ரா காண்டாமிருகத்தை இனி இந்நாட்டில் எவரும் காண இயலாது. மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமான இமான், 2019 நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இறந்தது. நம் நாட்டுச் சின்னத்தை இரு வேங்கைகள் தாங்கி நிற்கின்றன. 2022இல் வெளியான கணக்கெடுப்பின்படி காட்டில் வாழும் மலாயா வேங்கைகள் 150க்கும் குறைவு. பேலும் தெமெங்கோர், எண்டாவ் ரொம்பின் காடுகளோடு தாமான் நெகாராவே அவற்றின் முதன்மையான புகலிடம்.