மார்கழி 26 இல் என்ன நடந்தது?

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சின்னாக்களுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. தொடங்குவதற்கு முதல், அந்தக் கிழமையில் வரும் ஏதாவது ஒரு நாளை எடுத்து, அன்றைக்கு உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வேலை. லேசான வேலைதான். டிசெம்பர் 26, அதாவது எங்கட ஆக்கள் சொல்கிற மார்கழி 26, வரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாங்கள் இருப்பது கிழக்குக் கரை. இங்கே அந்த நாள் என்றால் வேறு எதுவும் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. ஆனால் எனக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளில் ஒருவர்கூட 2004 இல் பிறந்திருக்கவில்லை. அவர்களுக்கு சுனாமி என்பது கடற்கரை வீதியில் நிற்கிற நினைவுத்தூண். வருஷத்துக்கு ஒருக்கா அம்மம்மா அழுகிற நாள். வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசிக்க, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள்.

"அக்கா, என்ட பிறந்தநாளும் அண்டைக்குத்தான். எங்கட வீட்டில கேக் வெட்ட மாட்டாங்க."

அதற்கு என்ன சொல்வது? சரி, பிறந்தநாள்களில் இருந்தே தொடங்குவோம் என்றேன்.

1791 மார்கழி 26 இல் லண்டனில் சார்ல்ஸ் பாபேஜ் பிறந்தார். அவர் செத்தபோது பத்திரிகையில் பிறந்த வருஷத்தையே 1792 என்று பிழையாகப் போட்டுவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பிழைகளோடு சண்டை பிடித்த மனிசருக்கு அப்படி நடந்ததுதான் பகிடி. அந்தக் காலத்தில் 'கம்பியூட்டர்' என்றால் மெசின் இல்லை, கூலிக்குக் கணக்குப் போடுகிற ஆள். அவர்கள் போட்ட கணக்குகளை அட்டவணைகளாக அச்சடித்து விற்பார்கள். நடுக்கடலில் தன் கப்பல் எங்கே நிற்கிறது என்று மாலுமி கண்டுபிடிப்பது அந்த அட்டவணையைப் பார்த்துத்தான். அதில் ஒரு இலக்கம் மாறி விழுந்தால் கப்பல் பாறையில் போய் ஏறலாம். மனிசர் களைப்பார்கள், பிழை விடுவார்கள். பல்சக்கரம் களைக்காது என்பது பாபேஜின் எண்ணம். அரசாங்கம் பெரிய தொகை கொடுத்தும் அவரால் மெசினை முழுசாகக் கட்டி முடிக்க முடியவில்லை. 1871 இல் இறந்துபோனார். 1991 இல், அவருடைய 200 ஆவது பிறந்த ஆண்டுக்கு, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவர் கீறி வைத்திருந்த படங்களைப் பார்த்து அந்த மெசினின் கணக்குப் போடும் பகுதியைக் கட்டியது. கைபிடியைச் சுற்றினார்கள். சரியாகக் கணக்குப் போட்டது!

மா ஓ சேதுங்கும் இதே நாள்தான், 1893, சீனாவின் ஹுனான் மாகாணம். அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அன்றைய பொழுது காணாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று ஒத்திவைத்தேன்.

1898 மார்கழி 26 இல் பாரிசில் மேரி கியூரியும் அவருடைய கணவர் பியரும் ரேடியம் என்ற புது மூலகத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அறிவித்துவிட்டார்கள், ஆனால் காட்ட முடியவில்லை. ஒழுகுகிற கூரை போட்ட ஒரு கொட்டிலில், தொன் கணக்கில் கனிமக் கழிவைக் காய்ச்சிக் காய்ச்சி, 1902 இல்தான் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைட்டைப் பிரித்தெடுத்தார் மேரி. அவருடைய குறிப்புக் கொப்பிகளில் இன்றைக்கும் கதிரியக்கம் இருக்கிறது, ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள் என்றதும் பிள்ளைகளின் கண் விரிந்தது.

1991 இல் சோவியத் யூனியன் முறைப்படி கலைக்கப்பட்டதும் இதே திகதிதான். அதை எழுதிவிட்டு 2003 க்கு வந்தேன். ஈரானில் பாம் என்ற பழைய நகரம். விடியப்புறம் ஆக்கள் நித்திரையாக இருக்கும்போது நிலம் நடுங்கியது. மண் கல்லால் கட்டிய வீடுகள் அப்படியே இருந்துவிட்டன. 26,000 க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து எங்கட கடல்.

"அப்ப அது கூடாத நாளா அக்கா?" என்றான் ஒரு பொடியன்.

இல்லை. பாமில் நடந்தது அரேபியத் தட்டு யூரேசியத் தட்டைத் தள்ளுகிற இடத்தில். சுமாத்திராவில் நடந்தது இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழே போகிற இடத்தில். இரண்டும் தனித்தனிக் கதை. பூமிக்கு அடியில் நூற்றுக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த இறுக்கம் எங்கட கலண்டரைப் பார்த்து விடுபடுவதில்லை.

2004 இல் அது ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள், அதோடு போயா. எங்கள் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் நில நடுக்கம். ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பூமி கிழிந்தது. அங்கிருந்து எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணித்தியாலம் அளவு எடுத்தது. பசிபிக் சமுத்திரத்தில் 1949 இலேயே சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் வீணாகப் போனது. எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

உலகம் முழுக்க இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல், அதிலும் அம்பாறை மாவட்டத்தில்தான் கூட. தெற்கே பெரலியவில் முதல் அலை வந்ததும் நின்றிருந்த ரயில்தான் பாதுகாப்பு என்று ஊர் ஆக்கள் அதில் ஏறினார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய அலை ரயிலையே புரட்டியது. அந்த ஒரு ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பல இடங்களில் முதலில் தண்ணி கொஞ்சம் ஏறி, பிறகு கடல் நெடுந்தூரம் உள்வாங்கியிருக்கிறது. தரை தெரிகிறது, மீன் துடிக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கோ. கடல் ஊருக்குள் வந்த கதை எங்களுக்குப் புதிசா? 'கடற்கோள்' என்ற சொல்லே எங்களிடம் இருக்கிறது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது, இந்திர விழாவை அரசன் மறந்ததால். மகாவம்சத்தில் களனி அரசன் செய்த பாவத்துக்குக் கடல் பொங்குகிறது. கடல் ஏன் கோபித்தது என்று இரண்டு கதையும் சொல்கின்றன. வருவதற்கு முதல் கடல் என்ன செய்யும் என்று சொல்லவில்லை.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. நில நடுக்கம் தொடங்கிய இடத்துக்குக் கிட்ட. 1907 இல் அங்கே ஒரு சுனாமி வந்து கன பேர் செத்தார்கள். அதை அந்தச் சனம் 'ஸ்மோங்' என்று ஒரு சொல்லாக வைத்துக்கொண்டது. நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மலைக்கு ஓடு. பாட்டிமார் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டிலும் போட்டார்கள். 2004 இல் தீவில் இருந்தவர்கள் சுமார் 78,000 பேர். "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டு மலையேறினார்கள். செத்தது 7 பேர்.

தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயப் பிள்ளை. இரண்டு கிழமைக்கு முதல்தான் புவியியல் வகுப்பில் சுனாமி படித்திருந்தாள். தண்ணி நுரைத்துக்கொண்டு வந்த விதத்தைக் கண்டு பிடிவாதமாக அம்மா அப்பாவிடம் சொல்ல, அந்தக் கடற்கரையில் நின்ற நூறு பேர் அளவில் தப்பினார்கள். "பத்து வயசா?" என்று இரண்டு தரம் கேட்டார்கள் என் பிள்ளைகள்.

ஆனால் எங்களுக்கு ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுமாத்திராவில் நிலம் ஆடினால் இங்கே பெரும்பாலும் தெரியாது. காலுக்குக் கீழே ஒன்றும் சொல்லாமலே அலை வரும். அதனால் வானொலி, எச்சரிக்கைக் கோபுரம் சொல்வதைக் கேட்கவேண்டும். 2012 சித்திரை 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நில நடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் எழும்பி ஓடியது. பெரிய அலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் இப்பவும் பகிடி பண்ணுவார்கள். முதல் அலை வந்து போனாப்போல திரும்பி வீட்டுக்குப் போகக்கூடாது என்பதையும் கரும்பலகையில் பெரிதாக எழுதினோம்.

ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் காலை 9.25 இல் இருந்து இரண்டு நிமிடம் நாடு முழுக்க மௌனம் இருக்கும். அதைச் சொன்னதும் பின்வாங்குப் பிள்ளை கணக்குப் பார்த்தாள்.

"அப்ப பின்னேரம் கேக் வெட்டலாம்தானே அக்கா? அம்மம்மாட்ட கேக்கவா?"

கேள் என்றேன். வெண்கட்டியை வாங்கி, பாபேஜின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் எழுதிவிட்டுப் போனாள். பிறந்த வருஷத்தைச் சரியாகத்தான் எழுதினாள்.